எழுபத்தோரு பேரும் ஓர் எருமையும்

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துத் தண்ணீர்மேல் சத்தியம். குளம் வற்றிப்போன வருஷத்தில் இதைப் படிக்கிறவர்கள் படிக்கட்டின்மேல் சத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே வருவதில் ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எருமை விஷயத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அதுவும் எருமையின் மரியாதையை உத்தேசித்து.

1993, ஐப்பசிக் கடைசி. சாந்தோம் பக்கம் ஏழு நாளாக மழை விடவில்லை. கச்சேரி ரோட்டில் குடையை விரித்துக்கொண்டு கிளம்பியவர்கள் கடற்கரைக்கு வந்து சேரும்போது கையில் கம்பி மட்டும்தான் மிச்சமிருந்தது. கட்டுமரம் ஒன்றுகூடக் கடலில் இறங்கவில்லை. குப்பத்து ஆண்கள் வலையை ஒருமுறை பழுது பார்த்து, பழுது தீர்ந்த பிறகு பொழுது போகாமல் தாங்களே நாலு இடத்தில் கிழித்து மறுபடியும் பழுது பார்த்தார்கள்.

குப்பத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஓட்டுக் கூரை, நீள வராந்தா, வகுப்புக்கு நாலு பெரிய ஜன்னல். அங்கே எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் ஆலிஸ் டீச்சர். ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. டிசம்பரில் நிரந்தரம் செய்யச் சொல்லித் தாள்களை மேலே அனுப்புவதாகப் பள்ளித் தாளாளரான ஃபாதர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் கொடுத்த வாக்குகளில் தேதியோடு வந்தது இது ஒன்றுதான்.

அந்த மாதப் பாடம் கடல்வாழ் உயிரினங்கள். ஆலிஸ் டீச்சருக்கு எல்லாம் வரும், படம் வரையத்தான் வராது. ஒன்பது வருஷமாக அவள் கரும்பலகையில் வரைந்த திமிங்கிலத்தை ஒன்பது வகுப்புப் பிள்ளைகளும் ஒரே குரலில் பூசணிக்காய் என்றார்கள். இந்த வருஷம் பொறுக்க முடியாமல் லஸ்ஸில் இருந்த விடியோ லைப்ரரியில் திமிங்கிலங்களைப் பற்றிய ஒரு கேசட்டை எடுத்து வந்தாள். கேசட்டின் முதுகில் 'வீட்டில் பார்க்க மட்டும்' என்று அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது. டீச்சர் அதைப் படிக்கத்தான் செய்தாள். முழித்திருக்கும் நேரத்தில் முக்கால்வாசியைப் பள்ளிக்கூடத்தில் கழிக்கிறவளுக்கு எது வீடு என்பதில் சந்தேகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் புருஷன் இக்னேஷியஸ், தொலைபேசித் துறையில் லைன்மேன், சொந்த டி.வி.யையும் வாடகைக்கு எடுத்த விடியோ டெக்கையும் தன் மழைக்கோட்டில் சுற்றி, மீன்வண்டியில் ஏற்றி, தான் நனைந்துகொண்டு தள்ளிக்கொண்டு வந்தான்.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. டி.வி. ஓடுகிற இடத்தில் ஜன்னலைச் சாத்தக் கூடாது. சாத்தினால் 'நீ பார்க்கத் தகுதி இல்லாதவன்' என்று தெருவைப் பார்த்துச் சொன்ன மாதிரி. அப்புறம் அந்த வீட்டுச் சாவுக்குக்கூட ஆள் வராது. ஆலிஸ் டீச்சர் படத்தைப் போடுவதற்கு முன்னால் நாலு ஜன்னலையும் விரியத் திறந்துவைத்தாள். சாரல் அடித்தது. பரவாயில்லை என்றாள்.

திமிங்கிலம் முதல்முறை தண்ணீரைப் பீய்ச்சியபோது முன்வரிசைப் பையன் ஒருவன் குடையை விரித்தான். இரண்டாம் முறை பீய்ச்சுவதற்குள் நாலு ஜன்னலிலும் குப்பம் நிறைந்துவிட்டது. சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஜனமா அது. ஒவ்வொரு காட்சிக்கும் தீர்ப்புச் சொன்னார்கள்.

"இது நம்ம தொரதான்," என்றார் சின்னப்பையன். அறுபத்திரண்டு வயதுச் சின்னப்பையன். "வால்ல ஒரு வெட்டு கீது பாரு. எம் மவன் நாகராஜ் கல்யாணத்தப்போ என் வலைய இஸ்துகினு போச்சே, அதே ஆளு."

"அது எந்தக் கடலோ, பெரியவரே. பேசாம பாருங்க," என்றாள் டீச்சர்.

"எந்தக் கடலா இருந்தா இன்னா டீச்சரம்மா. தண்ணி ஒண்ணுதானே. நடுவுல எவனாவது சொவுரா கட்டிகிறான்?"

நாலாவது ஜன்னலில் ஓர் எருமையும் நின்றது. நாற்பது நிமிஷம் அது அசைபோடாமல் நின்றதை இன்றைக்கும் சொல்கிறார்கள். குட்டித் திமிங்கிலம் தாயைத் தொலைத்துவிட்டுத் தேடிய கட்டத்தில் அது என்ன செய்தது என்பதைத்தான் முதலிலேயே சொன்னபடி குறைத்துக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. தி.நகரில் ஒரு மாடியிலிருந்த விடியோ கம்பெனி எழுதியது. அந்தப் படத்துக்கு இந்த ஊர் உரிமை அவர்களுடையது. உரிமையாளர் அனுமதியின்றிப் பொதுமக்களுக்குத் திரையிட்டது குற்றம், சனிக்கிழமை தங்கள் பிரதிநிதி நேரில் வருவார், தகுந்த விளக்கம் இல்லாவிட்டால் போலீசில் புகார் என்று இருந்தது.

ஃபாதர் ஆலிஸைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க பாடம் நடத்தினீங்களா, தியேட்டர் நடத்தினீங்களா?"

"பாடம், ஃபாதர்."

"வெளியாள் எழுபத்தோரு பேர்னு எழுதியிருக்கான். கூட ஓர் எருமைன்னும் போட்டிருக்கான். எருமை எதுக்கு வந்தது?"

"அதுவா வந்தது, ஃபாதர். நான் கூப்பிடல."

ஃபாதர் நல்லவர். ஆனால் போலீஸ் என்ற சொல்லைக் கேட்டால் ஜெபமாலையைத் தேடுவார். "சனிக்கிழமை இது முடிஞ்சா டிசம்பர்ல உங்க பேப்பர் போகும். கேஸ் ஆச்சுன்னா பேப்பர் போகாது. அதோட உங்கள வெச்சுக்கவும் முடியாது. தப்பா நெனைக்காதீங்க."

"முடிஞ்சிடும், ஃபாதர்," என்றாள் ஆலிஸ். எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் இக்னேஷியஸ் கருவாட்டுக் குழம்பு வைத்தான். பத்து நாளாக மீன் இல்லாததால் சாந்தோம் முழுக்கக் கருவாட்டு வாசனைதான். மழையிலேயே அந்த வாசனை கலந்துவிட்டதாகவும் ராயப்பேட்டை வரைக்கும் அது பெய்ததாகவும் சொன்னார்கள். கத்திரிக்காயை நாலாகக் கீறிப் போட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக வந்து நின்றான்.

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்துடு ஆலிஸு."

"எழுதினா தப்பு பண்ணினேன்னு ஆயிடுமேங்க."

"பண்ணலையா?"

"ஜன்னலத் தொறந்து வெச்சது தப்பா? நம்ம வீட்டுக்கு டி.வி. வந்த அன்னிக்கு நீங்க கதவையே கீலோட கழட்டிச் சுவத்துல சாய்ச்சு வெச்சீங்க."

"அது வேற. அது நம்ம வீடு."

"அதுவும் என் வகுப்பு. ஒம்பது வருஷமா என் வகுப்பு. புளி பத்தலைன்னு நெனைக்கிறேன், பாருங்க."

புளி பத்தாமல்தான் இருந்தது. இக்னேஷியஸ் அடுப்படிக்குப் போனான். அவள் சொல்வது சரியாக இருக்குமோ என்று அவனுக்கு எப்போதும் குழம்பு விஷயத்தில் ஆரம்பித்துத்தான் சந்தேகம் வரும்.

செவ்வாய்க்கிழமை ஆலிஸ் லஸ்ஸுக்குப் போனாள். நடைபாதையில் பீர் முஹம்மது பாயின் பழைய புத்தகக் கடை, தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. முப்பது வருஷமாகக் கிராக்கி வராத நேரத்திலெல்லாம் பாய் தன் சரக்கையே படித்துக்கொண்டிருந்ததால், வக்கீல்களே சில நாள் காலையில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவார்கள்.

"இன்னா டீச்சர், மழைல நனைஞ்சிகினு வர்றீங்க."

"காப்பிரைட் சட்டம் இருக்கா, பாய்?"

"கீது. லா காலேஜ் பையன் ஒருத்தன் பாஸாயிட்டு, இனிமே சட்டமே வாணாம்னு போட்டுட்டுப் பூட்டான்." அடியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை உருவினார். கதையைக் கேட்டார். புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார்: "அம்பத்திரெண்டாவது பிரிவப் பாரு. எதெல்லாம் செஞ்சா குத்தம் இல்லன்னு வரிசையா போட்டுகிறான். பள்ளிக்கூடத்துக்குன்னு தனியா ஒரு சந்து வுட்டு வெச்சிகிறான்."

ஆலிஸ் தார்ப்பாய்க்கு அடியில் நின்றே படித்தாள். பள்ளி நடவடிக்கையின் பகுதியாகப் படம் காட்டலாம். ஆனால் பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், மாணவர்களின் பெற்றோர், பாதுகாவலர், பள்ளியின் காரியங்களோடு நேரடித் தொடர்பு உள்ளவர் என்று இவர்கள் மட்டுமாக இருக்கவேண்டும்.

"மட்டும்னு போட்டுட்டானே, பாய்."

"அதான் பேஜாரு. ஒரே ஒரு வெளியாள் இருந்தாலும் சந்த அடச்சிடுவான். எழுபத்தோரு பேரும் யாரு எவருன்னு நீ சொல்லணும்."

ஆலிஸ் புத்தகத்தை மூடினாள். பிறகு சிரித்தாள். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எல்லாச் சட்டமும் படித்தவர். குப்பத்துப் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேட்டைப் படித்தவரில்லை.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகளைச் சேர்க்கிற நேரம் காலை ஒன்பதரை மணி. அந்த நேரத்தில் அப்பன்மார் கடலில் இருப்பார்கள், அம்மாமார் கூடையோடு சந்தையில் இருப்பார்கள். அதனால் குப்பத்தில் அன்றைக்குக் காய்ச்சல் என்றோ கால் சுளுக்கு என்றோ கரையில் தங்கிப்போன ஆள் யாரோ, அவர் தன் வீட்டு வரிசைப் பிள்ளைகளை மொத்தமாக ஓட்டிக்கொண்டு வந்து, 'பாதுகாவலர்' என்ற கட்டத்தில் வரிசையாகப் பெருவிரலை வைத்துவிட்டுப் போவார். முப்பது வருஷமாக ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் இது முறையில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். சொல்லிக்கொண்டே பக்கத்தில் பெயரை எழுதிக்கொண்டார்கள். குப்பத்தில் பிறந்து, ஜூன் மாதத்தில் ஒருமுறையாவது கால் சுளுக்கிக்கொண்டவர் அத்தனை பேரும் யாருக்கோ பாதுகாவலர். சின்னப்பையன் மட்டும் இருபத்தாறு பேருக்கு. அதில் ஒருவன் அவருக்கே மாமனார் முறை.

புதனும் வியாழனும் ஆலிஸ் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் குப்பத்துக்குப் போய், படகின் மறைவில் உட்கார்ந்துகொண்டு யார் யார் எந்த ஜன்னலில் நின்றார்கள் என்று எழுதினாள். நின்றது எழுபத்தோரு பேர். முன்வரிசையில் நின்றதாகச் சொன்னவர்கள் நூற்று நாற்பது பேர்.

"டீச்சரம்மா, எனக்கு முன்னால நிக்கிறதுக்கு எவனுக்குத் தில்லு கீது?" என்றார் சின்னப்பையன்.

"அப்போ உங்க முன்னால நின்ன எருமைய என்ன பண்றது, பெரியவரே?"

"அது நாலாவது ஜன்னலு. நான் மொத ஜன்னலு. எருமைய எதுக்கு என்னாண்ட இஸ்துகினு வர்றே?"

பதிவேட்டோடு ஒத்துப்பார்த்ததில் அறுபத்துநாலு பேர் பாதுகாவலராகத் தேறினார்கள். மீதி ஏழு. வாசலில் வேகவைத்த கடலை விற்கும் நஸ்ருன்னிசா, பியூன் வராத நாளெல்லாம் மணி அடிக்கிறவள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் மூன்று ராஜாக்களாக வருகிற மூன்று பேர். பானைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், ஓடு மாற்றுகிறவர், விளையாட்டு விழாவுக்குத் தப்பு அடிக்கிறவர். எருமையின் பால்தான் ஆசிரியர் அறைத் தேநீருக்கு வந்தது. அதற்கு மேல் நேரடித் தொடர்பு வேண்டுமானால் அது பாடம்தான் எடுக்கவேண்டும்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கம்பெனிப் பிரதிநிதி பத்து மணிக்கு வந்தார். பெயர் சுவாமிநாதன், மாடவீதிக்காரர், நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை, பைக்குள் நோட்டு. சினிமாக் கொட்டகைகளில் தலை எண்ணுகிற வேலையில் ஆரம்பித்து விடியோவுக்கு வந்தவர். வாடகைக்குப் போன கேசட்டுகள் எங்கே ஓடுகின்றன என்று பின்னாலேயே போய் எண்ணி வருவது இப்போது அவர் வேலை. அவர் எண்ணிய தலையில் ஒன்று கூடக் குறைய இருந்ததாக எந்தக் கொட்டகைக்காரனும் நிரூபித்ததில்லை. ஃபாதர் எட்டாம் வகுப்பிலேயே நாற்காலி போடச் சொன்னார். எழுபத்தோரு பேரும் அன்றைக்கு நின்ற மாதிரியே நாலு ஜன்னலிலும் வந்து நின்றார்கள். எருமை முதலிலேயே வந்துவிட்டது.

"அம்மா, நான் சும்மா எழுதறவன் இல்லை," என்றார் சுவாமிநாதன். "ரெண்டு தரம் எண்ணிண்டு, மூணாம் தரம் சரிபாத்துண்டுதான் பேனாவைத் தொறப்பேன்."

"தெரியும் சார். வாசிங்க."

"ஜன்னல் ஒண்ணு. நாலாவது ஆள். தலையில துண்டு, வாயில பீடி. படத்தைப் பாத்துச் சத்தம் போட்டார்."

"நான்தான் நைனா," என்றார் சின்னப்பையன் பெருமையாக. "அந்தப் படகுக்காரன் காத்துக்கு எதுக்கப் போய்க்கினு இருந்தான். சொல்ல வாணாமா?"

"பக்கம் பதினாலு, பதினஞ்சு, பதினேழு," என்று ஆலிஸ் பதிவேட்டைத் திருப்பினாள். "இருபத்தாறு பிள்ளைங்களுக்குப் பாதுகாவலர்."

சுவாமிநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரேகைகளைப் பார்த்தார். நோட்டில் ஒரு சிறிய கோடு போட்டார். அடுத்த ஆள். அடுத்த பக்கம். அடுத்த கோடு. பதினொன்றரைக்கு நஸ்ருன்னிசா எல்லோருக்கும் கடலை கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு மூன்று ராஜாக்களும் தங்கள் வசனத்தைச் சொல்லிக் காட்டினார்கள். மூன்றாவது ராஜா தான் கொண்டுவரும் காணிக்கையான வெள்ளைப்போளத்தின் பெயரை மறந்துவிட்டான். பன்னிரண்டரைக்கு எழுபத்தோராவது கோடு விழுந்தது.

"எருமை?" என்றார் சுவாமிநாதன், தொழில் சுத்தம் கருதி.

"ஸ்டாஃப் ரூம் டீ, சார்."

அதற்கும் கோடு போட்டார். ஃபாதர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனார். சுவாமிநாதன் உட்கார்ந்தே இருந்தார்.

"இன்னும் ஒருத்தர் இருக்கார்," என்றார் மெதுவாக. "நோட்டுல இல்லை. மூணாவது ஜன்னல்."

"அங்க பதினெட்டுன்னு எழுதியிருக்கீங்களே சார்."

"பத்தொம்போது," என்றாள் நஸ்ருன்னிசா. "வெள்ளச் சட்ட போட்டுகினு, மஞ்சப் பை வெச்சிகினு ஒருத்தரு. ரெண்டு பொட்டலம் கல்ல வாங்கினாரு. மொதோ பொட்டலத்தத் துன்னாரு. ரெண்டாவத மறந்து கையிலயே வெச்சிகினு நின்னாரு."

எல்லோரும் சுவாமிநாதனின் மஞ்சள் பையைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றார் சுவாமிநாதன். "இத்தனை வருஷத்துல ஒரு படம் முழுசாப் பாத்ததில்லை, அம்மா. எண்ணிட்டுக் கிளம்பிடுவேன். அன்னிக்கும் எண்ணியாச்சு, குடையை விரிச்சாச்சு. அந்தக் குட்டி அம்மாவைத் தேடிண்டு போச்சு பாருங்கோ. அது கிடைச்சுதா இல்லையான்னு தெரியாம எப்படி ஆத்துக்குப் போறது? கடைசி வரைக்கும் நின்னேன். எனக்கு இங்க படிக்கிற குழந்தை கிடையாது. மணி அடிச்சதில்லை. ராஜா வேஷம் போட்டதில்லை. அப்போ நான் வெளியாள்தானே?"

"வெளியாள்தான்," என்றார் ஃபாதர், மறுபடியும் ஜெபமாலையைத் தேடிக்கொண்டு.

"ஒருத்தர் இருந்தாலும் மட்டும்கறது உடைஞ்சுபோயிடும். நான் பொய் எழுத மாட்டேன்." பேனாவைத் திறந்து, எழுபத்தொன்றை அடித்து, ஒன்று என்று எழுதி, அதன் பக்கத்தில் தன் பெயரையும் மாடவீதி விலாசத்தையும் எழுத ஆரம்பித்தார். தெளிவான கையெழுத்து.

"யோவ், நீயே உன்னப் புடிச்சிக் குடுக்கறியே, இன்னா மனுஷன்யா நீ," என்றார் சின்னப்பையன். அது பாராட்டுத்தான்.

ஆலிஸ் டீச்சர் அவர் எழுதும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தப் பக்கத்துல மேல என்ன எழுதியிருக்கு?"

"உள்ளே மாணவர் நாப்பத்துமூணு. ஒவ்வொரு பெஞ்சுலயும் எத்தனை பேர்னு தனித்தனியாப் போட்டிருக்கேன். வராதவா ரெண்டு பேர். காலி இடத்தை வெச்சுப் பக்கத்துப் பையன்கிட்டே பேர் கேட்டு எழுதிண்டேன். ஏன்?"

அவள் மேசைமேலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்து, போன வாரத்து வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தாள். காலையில் எல்லாம் குறித்திருந்தது. மத்தியானம் வெறுமையாக இருந்தது.

"டி.வி. வந்த பரபரப்புல மத்தியானம் நான் அட்டெண்டன்ஸ் எடுக்கவே இல்ல சார். ஒம்பது வருஷத்துல அன்னிக்கு ஒருநாள்தான் விட்டுது. அன்னிக்கு மத்தியானம் இந்த வகுப்புல யார் வந்தாங்க, யார் வரலைன்னு எண்ணி எழுதின ஒரே ஆள் நீங்க. அது பள்ளிக்கூடத்துக் காரியமா, இல்ல கம்பெனிக் காரியமா?"

சுவாமிநாதன் பேனாவை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஜன்னலில் எழுபத்தோரு பேரும் யோசித்தார்கள். யோசிப்பது அவருக்கு வழக்கமான வேலையில்லை, எண்ணுவதுதான் வழக்கம். அதனால் கொஞ்ச நேரமாயிற்று.

"வருகைப் பதிவு பள்ளிக்கூடத்துக் காரியம்தான்," என்றார் கடைசியில். "நேரடியாவே சம்பந்தப்பட்டது. அதை யாரும் மறுக்க முடியாது."

"அப்போ உங்க நோட்டப் பாத்து இதுல ஏத்திடுங்க. பென்சில் வேணாம், பேனாவாலயே போடுங்க."

அவர் நாற்பத்துமூன்று பெயருக்கும் குறி போட்டு, வராத இரண்டு பேருக்கு 'ஆ' எழுதி, கீழே கூட்டிப் போட்டு, மூன்று தரம் சரிபார்த்து, கையெழுத்து வைத்தார். பிறகு தன் நோட்டிலிருந்த அந்த 'ஒன்று' என்பதையும் அடித்துவிட்டு, 'பார்த்தவர்கள் அனைவரும் சட்டத்துக்குட்பட்டவர்கள், புகாருக்கு இடமில்லை' என்று எழுதி, அதன் பிரதியைக் கிழித்து ஃபாதரிடம் கொடுத்தார். போகிற போக்கில் ஆலிஸ் டீச்சரிடம் ஒன்று கேட்டார்.

"அந்தக் கேசட்டு இன்னும் உங்ககிட்ட இருக்கோ?"

"லைப்ரரில குடுத்துட்டேன் சார். மறுபடியும் எடுக்கலாம். இனிமே நீங்க உள்ள வந்தே உக்காரலாமே."

இக்னேஷியஸ் அன்று வஞ்சிரம் வறுத்தான். கட்டுமரங்கள் மத்தியானமே கடலில் இறங்கியிருந்தன. வந்த முதல் மீன் டீச்சர் வீட்டுக்குத்தான் வந்தது. டிசம்பர் பத்தாம் தேதி ஃபாதர் தாள்களை அனுப்பினார். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது மேசைமேல் நிரந்தர உத்தரவு இருந்தது. ஆலிஸ் டீச்சர் அதை ஒரு தரம் படித்துவிட்டு, கரும்பலகையில் ஒரு திமிங்கிலம் வரைந்தாள். பிள்ளைகள் ஒரே குரலில் திமிங்கிலம் என்றார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக மின்சாரம் வந்தது 1997ஆம் வருஷம் ஜூலை மாதம்.